பாறையில என் பேரு... பக்கத்துல ஒரு ஹார்ட்டு!

முதல்ல ஒரு வாக்குமூலம். சிரிக்கக் கூடாது, ஓ.கே-வா?

ஆயிரம் வருஷத்துச் சிற்பங்கள் இருக்குற ஒரு மலையில என் பேரு இருக்கு. ‘யாருப்பா இவன், பாண்டிய ராஜா பரம்பரையா?’னு புருவத்தைத் தூக்காதீங்க. நான் மூணாவது வருஷம் சிவில் இன்ஜினீயரிங் படிக்கிற, ரெண்டு அரியர் வெச்சிருக்குற சாதாரண மதுரைப் பையன். அந்தப் பேரை அங்கே எழுதினது எந்த ராஜாவும் இல்ல. நானேதான். ஒன்பதாம் கிளாஸ் படிக்கும்போது, ஜாமெட்ரி பாக்ஸ்ல இருந்த காம்பஸால கீறி, அது சரியா விழலைன்னு கூர்க்கல்லைத் தேடி எடுத்துத் தேய்ச்சு... என் பேரு, ஒரு ஹார்ட்டு, அந்தப் பக்கம் ஒரு இனிஷியல். போதாக்குறைக்கு கீழே ‘9-பி’னு முகவரி வேற!

(அந்த இனிஷியல் யாருன்னு கேட்காதீங்க. அவங்களுக்கே தெரியாது.)

இடம், சமணர் மலை. மதுரையிலிருந்து தேனி போற ரோட்டுல நாகமலை புதுக்கோட்டை பக்கம், கீழக்குயில்குடினு ஒரு ஊர். மலை அடிவாரத்துல தாமரைக் குளம், விழுது விட்ட ஆலமரம், கருப்பசாமி கோயில். படியேறிப் போனா பேச்சிப்பள்ளம். அங்கே பாறையில வரிசையா தீர்த்தங்கரர் சிற்பங்கள். 9, 10-ம் நூற்றாண்டுனு சொல்றாங்க. கீழே வட்டெழுத்துல கல்வெட்டுகள். இதெல்லாம் இப்போ தெரியும். அன்னிக்கு எனக்குத் தெரிஞ்சது ரெண்டே விஷயம்... டிபன் பாக்ஸ்ல லெமன் சாதம், சாயங்காலம் நாலு மணிக்கு பஸ் கிளம்பிடும். டூர்ல ‘எல்லாரும் பார்த்தாச்சா? கீழே இறங்கு’ங்கிறதுதான் எங்களுக்குக் கிடைச்ச ஒரே விளக்கம். பார்த்தோம். இறங்கினோம். நடுவுல கிடைச்ச பத்து நிமிஷத்துல நான் என் கைவரிசையைக் காட்டினேன்.

அப்புறம் அதை மறந்தே போயிட்டேன். போன வருஷம் என்.எஸ்.எஸ் கேம்ப் வர்ற வரைக்கும்!

கேம்ப், மலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமத்துல. ஏழு நாள். பசங்க எல்லாம் மரம் நடுறது, பிளாஸ்டிக் பொறுக்குறதுனு கிளம்ப, எனக்கும் இன்னும் மூணு பேருக்கும் கிடைச்ச வேலை, ஊர் அரசுப் பள்ளியில ஆறுலேர்ந்து எட்டாம் கிளாஸ் வரைக்கும் படிக்கிற முப்பது வாண்டுகளுக்கு ‘நம்ம ஊர், நம்ம பெருமை’னு ஒரு பயிற்சிப் பட்டறை நடத்துறது. ‘வெயில்ல மண்வெட்டி பிடிக்க வேணாம்டா மாப்ள... ஜாலி!’னு நான் துள்ளிக் குதிச்சேன். அதான் முதல் தப்பு.

ராத்திரி பூரா உட்கார்ந்து 42 ஸ்லைடு ரெடி பண்ணினேன். மீனாட்சியம்மன் கோயில், திருமலை நாயக்கர் மகால், தெப்பக்குளம்... பேக்ரவுண்டுல வீணை மியூசிக் வேற. ஆறாவது ஸ்லைடுலயே முன் வரிசையில இருந்த ஒரு பொடியன் கையைத் தூக்கினான். ‘ஆஹா, சந்தேகம் கேட்குறான்’னு எனக்கு ஒரே சந்தோஷம்.

“அண்ணே, கரன்ட் எப்பண்ணே போகும்?”

மொத்த கிளாஸும் கொல்லுனு சிரிச்சது. முதல் பல்பு!

சமாளிக்கிறதுக்காக, “சரி, உங்க ஊர்ல பழசா, பெருமையா என்ன இருக்கு? சொல்லுங்க பார்ப்போம்”னு கேட்டேன். முப்பது பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தாங்க. “ஒண்ணுமில்லண்ணே. எல்லாம் மதுரையிலதான் இருக்கு”னு ஒரு ரெட்டைச் சடை சொன்னா. அந்த வயசுல என்கிட்ட கேட்டிருந்தாலும் நான் இதையேதான் சொல்லியிருப்பேன். பெருமைன்னா டிக்கெட் எடுத்து உள்ளே போற இடம். நம்ம தெருவுல எப்படிப் பெருமை இருக்கும்?

பின் பெஞ்ச்ல ஒரு பெரியவர் எங்க கூத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தார். ரிட்டயர்டு தமிழய்யா. கல்வெட்டு படிக்கிறதுல ஆர்வம் உள்ளவர், எங்களுக்கு உதவிக்காக வந்திருந்தார். எல்லாம் முடிஞ்சு லேப்டாப்பை மூடும்போது பக்கத்துல வந்தார்.

“தம்பி, இந்த ஊரைப் பத்தி உனக்கு என்ன தெரியும்?”

“ஒண்ணும் தெரியாதுங்கய்யா.”

“அதுங்களுக்குத் தெரியும். அப்ப யாரு யாருக்குச் சொல்லணும்?”

அவ்வளவுதான் சொன்னார். டீ குடிக்கப் போயிட்டார். நான் லேப்டாப்பை பைக்குள்ள போட்டவன்தான், கேம்ப் முடியுற வரைக்கும் எடுக்கலை.

மறுநாள் ஆளுக்கு ஒரு சார்ட் பேப்பர். “கண்ணை மூடி உங்க ஊரை நினைச்சுப் பாருங்க. எங்கெங்கே போவீங்களோ அதையெல்லாம் வரைங்க.” அவ்வளவுதான் ரூல்ஸ். சத்தமே இல்லாம ஒரு மணி நேரம் வரைஞ்சாங்க. முடிச்சதும் எல்லாத்தையும் சுவர்ல ஒட்டினோம். ஒட்டும்போதுதான் எங்க டீம்ல இருந்த தோழி ஒண்ணைக் கவனிச்சா. “இங்கே பாருடா... ரெண்டு ஊர் இருக்கு!”

நிஜமாவே ரெண்டு ஊர். பசங்க வரைஞ்ச ஊர்ல மந்தை இருந்துச்சு. அதுல ஸ்டம்ப் நட்டு கிரிக்கெட், பெரிய வேப்பமரம், அதைச் சுத்தி மேடை, பக்கத்துல டீக்கடை, பஸ் ஸ்டாப், கண்மாய்க் கரை. பொண்ணுங்க வரைஞ்ச ஊர்ல குழாயடி, ரேஷன் கடை, பள்ளிக்கூடம், கோயில், வீடு. வீட்டை மட்டும் பெருசா, ஜன்னல் கம்பி முதற்கொண்டு வரைஞ்சிருந்தாங்க. மந்தை இருக்க வேண்டிய இடத்துல வெறும் வெள்ளைப் பேப்பர்.

“ஏம்மா, மந்தை வழியாத்தானே ஸ்கூலுக்கு வர்ற? அதை ஏன் வரையலை?”

ரெட்டைச் சடை தோளைக் குலுக்கினா. “அது பசங்க இடம்ணே. நாங்க அங்க நிக்க மாட்டோம். விறுவிறுனு வந்துருவோம்.”

யாரும் போர்டு மாட்டலை. யாரும் தடுத்து நிறுத்தலை. ஆனா, ஊருக்குப் பொதுவான இடம் பாதி ஊருக்கு இல்லவே இல்லை. ஃப்ரெண்ட்ஸ், இதைப் படிக்கிற நீங்களும் ஒரு பேப்பரை எடுத்து உங்க காலேஜை வரைஞ்சு பாருங்க. அப்படியே உங்க கிளாஸ் பொண்ணு ஒருத்தர்கிட்டயும் பையன் ஒருத்தர்கிட்டயும் கொடுத்து வரையச் சொல்லுங்க. கேன்டீன் வாசல் படி யாரோட மேப்ல இருக்கு, யாரோட மேப்ல இல்லைனு பாருங்க. அப்புறம் பேசுவோம்.

மூணாவது நாள் வாண்டுகள்தான் கைடு. நாங்க டூரிஸ்ட். நேரா கண்மாய்க்குக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கே எனக்குக் காத்திருந்தது அடுத்த பல்பு.

கரையோட ஒரு ஓரத்துல கல் கட்டடம். அதுக்கு மேல வரிசையா கல்லு நட்டிருந்தது. கரன்ட் எப்போ போகும்னு கேட்டானே, அந்தப் பொடியன்தான் இப்போ வாத்தியார்.

“இது என்னன்னு சொல்லுங்கண்ணே.”

“ம்... சர்ப்ளஸ் வியர்.” இரிகேஷன் புத்தகத்துல படிச்சிருக்கேனே, விட்டுக் கொடுப்பேனா!

“கலுங்குண்ணே. சரி, இந்தக் கல்லு எதுக்கு?”

திருதிருனு முழிச்சேன். பரீட்சைக்கு ‘முக்கியமான கேள்வி இல்லை’னு தாண்டிப் போன பக்கம் அது. அவன் இடுப்புல கை வெச்சுக்கிட்டுச் சொன்னான்... “மழை முடியுற நேரத்துல கல்லுக்கு நடுவுல மண்ணு, வைக்கோல் எல்லாம் போட்டு அடைச்சா கொஞ்சம் கூடத் தண்ணி நிக்கும். பெருமழை வந்தா அடைச்சதை எடுத்து விட்டுரணும். இல்லாட்டி கரை போயிரும். மிச்சத் தண்ணி அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போகும்.”

“உனக்கு எப்படிடா தெரியும்?”

“எங்க தாத்தா நீர்பாய்ச்சி. மடை திறக்குறது, யாரு வயலுக்கு எப்பத் தண்ணினு பார்க்குறது எல்லாம் அவருதான்.” சொல்லிட்டு ஒரு நொடி நிறுத்தினான். “இப்ப அவரு இல்ல. எங்கப்பா டவுன்ல வேலைக்குப் போறாரு. இப்ப யாரு அடைக்கிறா, யாரு எடுக்குறானு தெரியலண்ணே.”

எனக்குச் சுருக்குனு இருந்துச்சு. ‘எங்க ஊர்ல ஒண்ணுமில்ல’னு சொன்ன கூட்டத்துல இவனும் ஒருத்தன். தாத்தாகிட்ட இருந்த அந்த அறிவுக்கு ஒரு பேரு உண்டுன்னு யாரும் அவன்கிட்ட சொன்னதில்லை. ஒரு கண்மாய் நிறைஞ்சா அடுத்ததுக்கு, அது நிறைஞ்சா அதுக்கு அடுத்ததுக்குனு ஊர் ஊரா சங்கிலி மாதிரி கோத்து வெச்சிருக்காங்க. நாலு வருஷம் பணம் கட்டி நான் படிக்கிற சமாச்சாரத்தை, ஒரு நீர்பாய்ச்சி கரையில நின்னே முடிவு பண்ணியிருக்கார். அன்னிக்கு அந்தப் பொடியன் தன் மேப்பை மறுபடி எடுத்து, கண்மாய் பக்கத்துல துண்டு கட்டின ஒரு ஆளை வரைஞ்சான். பேரு எழுதலை. ‘தாத்தா’னு மட்டும் எழுதினான்.

நாலாவது நாள்... சமணர் மலை!

படியேறும்போதே எனக்கு வயித்துல லேசா ஒரு கலக்கம். ‘ஆறு வருஷ வெயில், மழையில அழிஞ்சு போயிருக்கும்’னு மனசைத் தேத்திக்கிட்டேன். காலையில சீக்கிரமே போயிட்டோம். சாய்வா வெயில் விழும்போதுதான் கல்வெட்டு எழுத்து நல்லாத் தெரியுமாம். பேச்சிப்பள்ளத்துல சிற்பங்களுக்கு முன்னால எல்லாரையும் உட்கார வெச்சு, தமிழய்யா ஒரு கல்வெட்டைத் தூரத்துலேர்ந்தே காட்டினார். அச்சணந்திங்கிற சமண முனிவரோட அம்மா, பேரு குணமதியார். அவங்க செய்ய வெச்ச சிற்பம்னு அதுல எழுதியிருக்காம். ‘செய்வித்த’னு ஒரு வார்த்தை. ஆயிரம் வருஷம் கழிச்சும் நமக்குப் புரியுற தமிழ்!

பொண்ணுங்க வரிசையில சலசலப்பு. “ஒரு அம்மா பேரா ஐயா? இம்புட்டு நாளாவா இருக்கு?” ரெட்டைச் சடை எழுந்து கிட்டப் போய்ப் பார்த்தா, கையைப் பின்னால கட்டிக்கிட்டு.

அந்த நேரம் பார்த்து பக்கத்துப் பாறையிலேர்ந்து ஒரு குரல்... “அண்ணே! உங்க பேருல ஒருத்தன் எழுதியிருக்கான்ணே! 9-பி-னு வேற போட்டிருக்கு!”

அழியலை, ஃப்ரெண்ட்ஸ். வெள்ளையா, பளிச்சுனு இருந்துச்சு.

நான் தப்பிச்சிருக்கலாம். மதுரையில கல்லை விட்டெறிஞ்சா என் பேர்ல நாலு பேர் மேல விழும். சிரிச்சுக்கிட்டே ‘யாரோ பொறுப்பில்லாத பய’னு சொல்லி நகர்ந்திருக்கலாம். வாய் வரைக்கும் வந்துடுச்சு. ஆனா, மூணு நாளா அந்த வாண்டுகள் தங்க ஊரை எனக்குத் திறந்து காட்டியிருக்குங்க. தாத்தா செத்துப்போன கதையைச் சொல்லியிருக்குங்க. அதுங்ககிட்ட எப்படிப் பொய் சொல்றது?

“அது நான்தான்டா”ன்னேன்.

சிரிப்பு வரும்னு எதிர்பார்த்தேன். வரலை. முப்பது ஜோடிக் கண்ணும் என்னையே பார்த்துச்சு. பொடியன்தான் கேட்டான், ரொம்ப சீரியஸா... “அவுகளும் பேரைத்தானய்யா எழுதியிருக்காக? அப்ப அண்ணன் எழுதுனா மட்டும் ஏன் தப்பு?”

என் பக்கம் பேசத்தான் பாவம் அவன் கேட்டான். ஆனா, சரியான கேள்வி அது. நீங்களே யோசிச்சுப் பாருங்க, என்ன வித்தியாசம்? அதுவும் பாறை, இதுவும் பாறை. அதுவும் பேரு, இதுவும் பேரு. பழசானா கல்வெட்டு, புதுசுனா கிறுக்கலா?

தமிழய்யா அவசரப்படலை. “நல்ல கேள்வி. குணமதியார் பேருக்குப் பக்கத்துல ஒரு வினைச்சொல் இருக்கு, பார்த்தீங்களா? செய்வித்த. என்னமோ ஒண்ணைச் செஞ்சு எல்லாருக்கும் கொடுத்துட்டு, அப்புறம்தான் பேரு. தம்பி பேருக்குப் பக்கத்துல என்ன இருக்கு?”

எல்லாரும் திரும்பிப் பார்த்தாங்க. “ஹார்ட்டு இருக்குய்யா” என்றது ஒரு குரல். அப்போதான் எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். காது மட்டும் சூடா இருந்துச்சு.

ஒருத்தன் ஓடிப்போய் கல்லை எடுத்து என் பேரைத் தேய்க்கப் போனான். தமிழய்யா தடுத்துட்டார். “தேய்ச்சா இன்னொரு காயம்தான் விழும். அதையெல்லாம் தொல்லியல் துறை ஆளுங்கதான் செய்யணும். நாம தொடக் கூடாது.” ஆக, என் பேரு அங்கேயேதான் இருக்கு. பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சேதப்படுத்தினா ரெண்டு வருஷம் வரை ஜெயில், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம்னு சட்டமே இருக்குனு அன்னிக்கு ராத்திரி படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா, சட்டத்தைவிட அந்த முப்பது ஜோடிக் கண்ணுதான் எனக்குப் பெரிய தண்டனை.

எனக்கு ஒண்ணு மட்டும் புரிஞ்சது. நான் கெட்ட பையன்கிறதால கீறலை. அந்த மலைக்கும் எனக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்குனு எனக்குத் தோணவே இல்லை. சம்பந்தம் இல்லாத இடத்துல ஒரு சம்பந்தத்தை உண்டாக்கிக்கத்தான் பேரைக் கீறினேனோ என்னவோ! இடத்தைச் சும்மா காட்டினா, பார்த்துட்டு இறங்கிடுவோம். ‘இதுல உனக்கும் பங்கு இருக்கு’னு கொடுத்தாதான் கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிப்போம்.

பேரு எழுதுற ஆசையும் ஒண்ணும் குற்றமில்லையே! கீழடியில தோண்டி எடுத்த பானை ஓடுகள்லயே ஆதன், குவிரன்னு பேரு கீறியிருக்காங்க. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே ‘இது என் பானை’! 2023-ல திறந்த கீழடி அருங்காட்சியகத்துல அந்த ஓடுகளைப் பார்க்கலாம். அதனால ஐந்தாவது நாள், மண்பானை செய்றவங்ககிட்ட உடைஞ்ச ஓடுகளை வாங்கிட்டு வந்து, ஆளுக்கு ஒரு ஆணியும் கொடுத்து, தமிழி எழுத்துல பேரு எழுதச் சொன்னோம். ஒரே கண்டிஷன்... பேருக்குப் பக்கத்துல ஒரு வினைச்சொல் வேணும்! ‘தண்ணி ஊத்தின’, ‘தம்பியைத் தூக்கின’, ‘மரம் நட்ட’... ஒரு குட்டிப் பொண்ணு ‘பேசின’னு எழுதினா. ஏன்னு கேட்டோம். “இன்னிக்குத்தான்ணே கிளாஸ்ல முதல்முறையா பேசுனேன்”னா.

கடைசி நாள் சாயங்காலம், மேப், பானை ஓடு எல்லாத்தையும் எங்கே வைக்கிறதுனு கேட்டதும் பசங்க ‘ஸ்கூல்ல’னாங்க. ரெட்டைச் சடை, “மந்தையில வைப்போம்”னா. வெச்சோம். வேப்பமரத்து மேடையில உட்கார்ந்திருந்த சில பெருசுகள் ‘பொம்பளப் புள்ளைகளுக்கு இங்க என்ன வேலை?’னு முணுமுணுத்தாங்கதான். ஆனா, பேத்தி பேரைத் தேடி பாட்டிகள் வந்தாங்க. இருட்டுற வரைக்கும் மந்தையில பொண்ணுங்க நின்னு, தாங்க வரைஞ்ச மேப்பை விளக்கிக்கிட்டிருந்தாங்க. ஒரு சாயங்காலத்துல ஊர் மாறிடுச்சுனு நான் சினிமா காட்ட மாட்டேன். அடுத்த மாசம் சும்மா போய்ப் பார்த்தேன், மந்தையில மறுபடி கிரிக்கெட்தான். ஆனா மேடை ஓரத்துல ரெண்டு பொண்ணுங்க சைக்கிளை நிறுத்திட்டு, கதை பேசிக்கிட்டு இருந்தாங்க. நின்னுக்கிட்டு!

‘சின்னப் பசங்களுக்கு மேப் வரையக் கத்துக் கொடுத்து என்ன ஆகப் போகுது?’னு என் ரூம்மேட் கேட்டான். அவனுக்கு அரிட்டாபட்டியைக் காட்டினேன். மதுரை மாவட்டத்துல மேலூர் பக்கம் இருக்குற ஊர். மலையில தமிழிக் கல்வெட்டு, சமணர் சிற்பம், குடைவரைக் கோயில், சுத்தி நீர்நிலைகள். 2022-ல தமிழ்நாட்டோட முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமா அறிவிச்சாங்க. 2024 நவம்பர்ல அந்தப் பகுதியையும் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிஞ்சப்போ, சுத்துப்பட்டு ஊர்க்காரங்க விடாம போராடினாங்க. 2025 ஜனவரியில மத்திய அரசு அந்த ஏலத்தை ரத்து பண்ணிடுச்சு. தங்க மலையில என்ன இருக்குனு தெரிஞ்சிருந்ததும் அவங்களுக்கு ஒரு பலம். ‘எங்க ஊர்ல ஒண்ணுமில்ல’னு சொல்ற ஊருக்காக யாரு ரோட்டுக்கு வருவா?

உங்க காலேஜ் பக்கத்துலயும் ஒரு ஸ்கூல் இருக்கும். ஒரு குளமோ, சத்திரமோ, பழைய சந்தையோ இருக்கும். நீங்களும் இறங்கணும்னு நினைச்சா, நான் வாங்கின பல்புகளிலேர்ந்து சில டிப்ஸ்...

* லேப்டாப் வேண்டாம். சார்ட் பேப்பரும் கலர் பென்சிலும் போதும்.

* முதல் நாள் நீங்க பேசாதீங்க. ‘உன் ஊரை வரை’னு சொல்லிட்டு, வரையாம விட்ட இடத்தைக் கவனிங்க.

* ஊர்ல மூத்தவங்க ஒருத்தரையாவது கூப்பிடுங்க. நீர்பாய்ச்சி, பூ கட்டுறவங்க, கொத்தனார்... யாரா இருந்தாலும் சரி.

* ஸ்கூல் ஹெட்மாஸ்டர்கிட்டயும் பெற்றோர்கிட்டயும் அனுமதி வாங்காம எங்கேயும் கூட்டிட்டுப் போகாதீங்க. கண்மாய், குளம்னா பத்துப் பிள்ளைகளுக்கு ரெண்டு பெரியவங்களாவது கூட வேணும்.

* கல்வெட்டு மேல சாக்பீஸ் தேய்க்கிறது, தண்ணி ஊத்துறது கூடவே கூடாது. காலை வெயிலும் ஒரு டார்ச் லைட்டும் போதும், எழுத்து தானா தெரியும்.

இப்பவும் மாசத்துக்கு ஒரு தடவையாவது ஏதாவது ஸ்கூல் பசங்களோட சமணர் மலைக்குப் போறேன். முதல்ல குணமதியார் பேரைக் காட்டுவேன். அப்புறம், கொஞ்சம் வெட்கத்தோட, என் பேரைக் காட்டுவேன். “யாருண்ணே இந்த லூசு?”னு கேட்பாங்க. கதையைச் சொல்லுவேன். இதுவரைக்கும் என்னோட வந்த பிள்ளைகள்ல யாரும் அங்கே கல்லைக் கையில எடுத்ததில்லை.

என் பேருக்குப் பக்கத்துல இன்னும் ஹார்ட்டுதான் இருக்கு. வினைச்சொல்லைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். உங்களுக்கு என்ன வினைச்சொல், ஃப்ரெண்ட்ஸ்?